இரண்டு விரல் இடைவெளி

சுப்புலட்சுமி பஞ்சைப் பிய்த்துச் சுருட்டி, கணவனின் இடது காதில் வைத்துச் சுண்டுவிரலால் மெல்ல அழுத்தினாள். வலது காதுக்கு வைப்பதற்குள் ரோட்டில் இன்னொரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. கருப்பசாமியின் முதுகு கட்டிலை விட்டு எழும்பி வளைந்தது. குதிகால்களும் பிடரியும் மட்டும் மெத்தையில் பதிந்திருந்தன. அவள் கையில் பஞ்சோடு, அது இறங்கும்வரை நின்றாள். அந்த நேரத்தில் தொடக் கூடாது, தொட்டால் இழுப்பு கூடும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை என்பதால் காலையிலிருந்தே ஹாரன்தான். டவுன்ஷிப் பஸ்கள், காண்ட்ராக்ட் லாரிகள், ஜீப்புகள் எல்லாம் வாழைக்கன்றும் சாமந்தியும் கட்டிக்கொண்டு சுற்றின. ஆஸ்பத்திரியின் கடைசி அறையை இவனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. வெளிச்சத்தைத் துணி மறைத்தது. சத்தத்தை மறைக்க எதுவும் இல்லை.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று டாக்டர் சொல்லி மூன்று நாளாகிறது. அதற்கு முந்தின நாள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவினாள். மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனவன் வாயைத் திறக்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கே காயம் பட்டது என்று டாக்டர் கேட்டபோது வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஆறிப்போன கோடு மாதிரி ஒன்று. இரும்பு கிழித்தவுடன் அதில் கிரீஸை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ரத்தம் நின்றுவிடும், எரியாது.

உடம்பு தளர்ந்ததும் அவன் கண்ணைத் திறந்தான். புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் கொழுந்தன் வெள்ளைச்சாமியிடம் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். அதை ஏன் ஆறுதல் போலச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"சொன்னியா?" என்றான் பல்லிடுக்கில்.

"கொழுந்தன் நேத்தே ஷெட்டுக்குப் போய்ச் சொல்லியாச்சு."

"சந்து வச்சானா?"

அவள் வலது காதுக்கான பஞ்சை மறுபடி சுருட்டினாள். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"இன்னைக்கு... லாரியில ஆள் ஏத்துவான்," என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "பிள்ளைக. நீ போ."

---

மந்தாரக்குப்பத்தில் தெய்வசிகாமணியின் லாரி ஷெட்டில் கருப்பசாமி பத்து வருஷமாக மேஸ்திரி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தம்பி வெள்ளைச்சாமி மைன்ஸுக்கு வந்து பர்மனென்ட் ஆனான். அவனைப் பார்க்க வந்த அண்ணன் பர்மனென்ட் ஆகாமலேயே தங்கிவிட்டான். தம்பியின் குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் ஓர் அறை போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை.

பந்தயம் தொடங்கியது போன வருஷம்தான். காண்ட்ராக்ட் லாரிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வறண்ட ஏரிக்குள் காலி லாரிகளை வரிசையாக நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து எடுத்து, கரை மேட்டில் யார் முதலில் ஏறுவது என்று பார்த்தார்கள். தெய்வசிகாமணியின் லாரி டிஸ்போசலில் எடுத்த பழைய மிலிட்டரி வண்டி. இன்ஜினில் வலு இருந்தும் தோற்றது. கிளட்சை விட்ட மாத்திரத்தில் பின் அச்சு முறுக்கிக்கொள்ள, வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டைகள் நெளிந்து, சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் இருந்த இடத்திலேயே குதித்தன. குள்ளஞ்சாவடிக்காரன் வண்டி மேலே போய்விட்டது. வண்டியை வைத்துக்கொண்டு தவளை விளையாட்டு ஆடுகிறார்கள் என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு டிரைவர் கலியனுக்கும் முதலாளிக்கும் உறைத்தது. கருப்பசாமிக்கு அது ஒரு கணக்காகத் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் இரண்டு கனத்த கம்பிகள் செய்தான். ஒவ்வொன்றையும் பின் அச்சின் அடியில் பூட்டி, வில்லுப்பட்டைக்குக் கீழேயே முன்பக்கம் கொண்டுபோய், பட்டை மாட்டியிருக்கும் கண்ணுக்கு நேர் கீழே நிறுத்தினான். நுனியில் ஒரு மரையாணி, அதன் தலையில் ஒரு ரப்பர் கட்டை. அச்சு முறுக்கினால் ரப்பர் போய் முட்டிக்கொள்ளும், பட்டை நெளியாது, சக்கரம் குதிக்காது. அதற்குப் பெயர் கிடையாது. ஷெட்டில் மேஸ்திரி ராடு என்றார்கள்.

இந்த வருஷப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சுப்புலட்சுமிக்கு அதை விளக்கினான். சாதாரணமாக அவன் வேலையைப் பற்றிப் பேசுகிறவன் இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவச் சொன்னான்.

"இந்த நுனிய லேசாப் பிடி. நான் இங்கன அமுக்குதேன். வளையுதா? இதான் ரோட்ல போற மாதிரி. ரப்பருக்கும் பட்டைக்கும் ரெண்டு விரல் சந்து விட்டா அது பாட்டுக்கு வளைஞ்சுக்கிடும். இப்பம் இறுக்கிப் பிடி."

இறுக்கிப் பிடித்தாள். அவன் அமுக்கினான். ஈர்க்கு அவள் விரல் ஓரத்தில் முறிந்தது.

"பந்தயத்துக்கு மட்டும் முட்ட வைக்கணும். வலது பக்கம் இன்னும் அரைச் சுத்து கூட. காலி வண்டி, ஒரு நிமிச ஓட்டம், தாங்கும். அப்படியே ஆள ஏத்தி, லோடு ஏத்திக் குழியில விட்டா, மெயின் பட்டை கண்ணுக்கிட்ட முறிஞ்சிரும். அச்சு கோணிக்கிடும். பெறகு டிரைவர் என்ன ஒடிச்சாலும் வண்டி அது இஷ்டத்துக்குத்தான் போகும்."

"அப்ப எதுக்கு இந்த வேலை?"

"ஜெயிக்கதுக்கு," என்று சொல்லி ரசம் கேட்டான்.

ஜெயித்தார்கள். பரிசாகக் கிடா ஒன்று கிடைத்து, அன்றே வெட்டிக் குழம்பு வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான் கம்பி விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. திங்கட்கிழமை ஆணியைத் தளர்த்திச் சந்து வைக்கப் போனபோது, தீபாவளிக்கு மறுபந்தயம் இருக்கிறது, இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வாரம் மழை. வண்டி ஷெட்டில்தான் நின்றது. இவனும் அவசரப்படவில்லை.

---

வெள்ளைச்சாமிக்கு இரண்டாவது ஷிப்ட். ஒரு மணிக்கு வந்து அண்ணனைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றான்.

"நேத்து என்ன சொன்னான் கலியன்?" என்று கேட்டாள்.

"சிரிக்கான் மதினி. வண்டி புலி மாதிரி பாயுது, மேஸ்திரி வந்து அவரு கையால தளத்தட்டும்ங்கான்." தூக்கை இந்தக் கைக்கு மாற்றினான். "நான் போயிருப்பேன். லீவு பூராம் முடிஞ்சு போச்சு. இன்னைக்கு ஷிப்ட்டுக்குப் போகலன்னா மெமோ குடுத்துருவாக."

"எப்பம் கெளம்புதாம் வண்டி?"

"மூணு மணிக்கு. வடலூருக்கு. வருஷா வருஷம் போறதுதான். ஷெட்டு ஆளுக வீட்டுப் பொம்பளைக, பிள்ளைக எல்லாம்."

அவள் உள்ளே போனாள். கருப்பசாமி கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

"போய்ட்டு ஓடியாந்திருதேன். நர்ஸம்மா இருக்காக," என்றாள்.

அவன் இமையை ஒரு முறை மூடித் திறந்தான். கதவை அவள் சத்தமில்லாமல் சாத்தினாள். நர்ஸம்மா அவளைப் பார்த்த பார்வையில், இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்ற கேள்வி இருந்தது. லாரியில் ஓர் ஆணியைத் தளர்த்த வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

டவுன் பஸ் பிளாக் பிளாக்காக நின்று போனது. டிரைவருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். அவள் கையிலும் ஒரு பொட்டலம் விழுந்தது. ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் தோள் குறுகியது.

ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி வெளியே திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். உடைத்த பூசணி குங்குமத்தோடு கிடந்தது. பின்னால் நாற்பது பேருக்குக் குறையாமல் ஏறியிருந்தார்கள். குழந்தைகள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள்.

"யோவ் கலியா, பொட்டு வச்சிகினு மாப்ள மாதிரியே நிக்கிற. எடுயா வண்டிய," என்று மேலேயிருந்து கத்தினாள் ராஜாம்பாள். மண் சுமக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி.

"மாப்ளன்னா சும்மாவா வருவான்? பொண்ணு எங்க, காட்டு," என்றான் கலியன். லாரியில் சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் அவன் சுப்புலட்சுமியைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலிருந்து உடனே போகாமல் கொஞ்சம் நின்று போனது.

"வாக்கா. மேஸ்திரி எப்படி இருக்காரு?"

"அந்த ரப்பருக்குச் சந்து வைக்கச் சொன்னாக. ரெண்டு விரலு. வைக்காம ஆள் ஏத்தக் கூடாதாம்."

"வெள்ளைச்சாமி அண்ணன் சொல்லிச்சிக்கா. வைக்கலாம். இப்ப எப்படி?" அவன் ஷெட்டுக்குள் கை காட்டினான்.

உள்ளே நீளப் பலகையில் புதுத் துண்டு விரித்து, ஸ்பேனர்கள், சுத்தியல், ஜாக்கி, லிவர் எல்லாம் அளவு வாரியாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கருப்பசாமியின் நீள ஸ்பேனர் வரிசையின் நடுவில் இருந்தது. அதற்கு மட்டும் ஒரு முழம் பூ சுற்றியிருந்தார்கள். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெய்வசிகாமணி வெள்ளைச் சட்டையில் உள்ளேயிருந்து வந்தார். "வாம்மா. ரெண்டு நாளா நானே வரணும்னு இருக்கன். பூச வேல. நல்லாயிடுவாரும்மா, பேருக்கு அர்ச்சன பண்ணியிருக்கன்."

அவள் மறுபடியும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பூசையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதும்மா. எடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, இத்தன பேரு பொழப்பு இதுல இருக்குது. நாளைக்கிக் காலைல மறு பூசை போட்டதும் மொத வேல அதான். கலியன், கேட்டியா?"

"கேட்டங்க."

"அப்ப ஆள எறக்கிருங்க," என்றாள்.

"காலைலேர்ந்து காத்துகினு இருக்குதுங்கம்மா, கொழந்தைங்க. பாரு."

அவள் பார்த்தாள். பலகைக்கு மேலே வரிசையாகத் தலைகள். ஒரு சிறுமி பொரியை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

சுப்புலட்சுமி ஷெட்டுக்குள் நடந்தாள். பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நீள ஸ்பேனர்தானா, அதற்குப் பக்கத்தில் இருப்பதா, எது அந்த ஆணிக்குச் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டியபோது, "எக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வர, குளிச்சியோ இல்லியோ," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து லாரியின் பின்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அடியில் எட்டிப் பார்த்தாள். அவன் சொன்னபடியே கம்பி இருந்தது. நுனியில் கறுப்பு ரப்பர். அதற்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். நகம்கூட இறங்கவில்லை.

"அக்கா, தள்ளிக்க," என்றான் கலியன். "மெதுவாத்தான் ஓட்டுவன். குழி பாத்து எறக்குவன். மேஸ்திரி மேல சத்தியம்."

லாரி கிளம்பியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஹாரனை அடித்துக்கொண்டே ரோட்டில் ஏறித் திரும்பும்வரை குழந்தைகள் கத்தினார்கள். ஓடிப்போய் முன்னால் விழுந்திருந்தால் நின்றிருக்கும் என்று, லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு அவளுக்குத் தோன்றியது.

---

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது நாலரை. நர்ஸம்மா அறைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "உன்னைத்தான் பாத்துட்டே இருந்தாரு. கதவு பக்கமே பாத்துட்டு," என்றார். பிறகு, "ஊசி போட்டிருக்கு. இதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

அவன் உதடுகள் விலகிப் பல் தெரிந்தது. சிரிப்பது மாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்க்க அவள் மூன்று நாளில் பழகியிருக்கவில்லை. கண்கள் மட்டும் அவனுடையவையாக இருந்தன. அவை கேட்டன.

"வச்சாச்சு," என்றாள். "ரெண்டு விரலு. கலியனே தளத்துனான். நானே விட்டுப் பாத்தேன்."

வலது கையை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவன் அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தான். கறை விரல் நுனியோடு நின்றுவிட்டதைக் கண்டுபிடித்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்தது. பிறகு இமையை மூடினான்.

ஹாரன்கள் குறைந்தன. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில், அவன் உடம்பு ஒரு முறை விறைத்தது. இறங்கிய பிறகு மூச்சு திரும்ப ஏறவில்லை. அவள் தொடாமல் நின்றாள். இனித் தொடலாம் என்று நர்ஸம்மா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

---

மறுநாள் விஜயதசமி. வெள்ளைச்சாமியின் குவார்ட்டர்ஸ் வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஊருக்குத் தந்தி போயிருந்தது; ஆள் வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிளாக்கில் இருந்தவர்களும், மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்தவர்களும், ஷெட்டு ஆட்களும்தான் கூட்டம். வாயை மூடித் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டியும் பல் தெரிந்தது.

பகல் இரண்டு மணிக்கு லாரி வந்து நின்றது. அதே லாரி. வாழைக்கன்றுகளை மட்டும் அவிழ்த்திருந்தார்கள். கலியன் இறங்கி நேராக அவளிடம் வந்து, எதிரே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நேத்து ஒண்ணும் ஆவலியே?" என்றாள் மெதுவாக.

"இல்லக்கா. நல்லாத்தான் போய்ட்டு வந்தம். புள்ளைங்கள எல்லாம் வூட்டு வாசல்லயே எறக்கி வுட்டன்." மூக்கைத் துடைத்தான். "வரும்போது வலப் பக்கம் மட்டும் ஒரு சத்தம். டக்குனு. அப்பறம் கேக்கல."

"காலைல சந்து வச்சியா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "மறு பூசையே போடலக்கா. மேஸ்திரி தவறுன மறுநாளே எப்படிப் பூசை போடறதுன்னு மொதலாளி ஷெட்ட சாத்திட்டாரு. சாமான் எல்லாம் அப்படியே பலகையிலதான் இருக்குது. அந்த வெளக்குதான் அணஞ்சி போச்சி."

சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொள்ளிச்சட்டியை வெள்ளைச்சாமியின் கையில் கொடுத்தார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் யார் யாரோ செய்யச் சொன்னார்கள், அவள் செய்தாள். தூக்கினார்கள். லாரியின் பின்பலகையைத் திறந்து, வைக்கோல் பரப்பி, உள்ளே வைத்தார்கள். சுடுகாடு மூன்று மைல். ஆண்கள் டயரில் கால் வைத்து ஒருவர் பின் ஒருவராக ஏறத் தொடங்கினார்கள்.

சுப்புலட்சுமி பெண்களின் கையை உதறிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தாள்.

"யாரும் ஏறாதீக," என்றாள்.

ஏறியவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன மதினி?" என்றான் வெள்ளைச்சாமி.

"அவுகள மட்டும் கொண்டுபோங்க. நீங்க எல்லாம் நடந்து போங்க. எறங்கச் சொல்லு."

"மூணு மைலு மதினி. இந்த வெயில்ல."

"எறங்கச் சொல்லு."

கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்டது. கலியன் டிரைவர் பக்கக் கதவில் கை வைத்தபடி அவளைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, "எறங்குங்கப்பா. நடந்தே வாங்க," என்றான்.

தெய்வசிகாமணி அருகில் வந்தார். "உங்க பக்கம் அப்படித்தான் வழக்கமாம்மா?"

வெள்ளைச்சாமி அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து அப்படி ஒரு வழக்கம் இல்லை.

"ஆமா," என்றாள்.

தெய்வசிகாமணி தலையசைத்தார். செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். ஒன்றிரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

கலியன் முதல் கியரில் எடுத்தான். ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் வண்டி போகவில்லை. சிவப்பு மண் தெருவில் ஆள் ஏறாத லாரியும் அதன் பின்னால் அறுபது எழுபது ஆட்களும் பிளாக் முனைவரை போனார்கள். பெண்களுக்கு அதற்கு மேல் போக வழியில்லை. வாசலில் நின்றபடி அவள் பார்த்தாள்.

முனையில் ஒரு சிறிய பாலம். அதன் மேடு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வைக்கோலின் மேல் கிடந்தவன்மீது போட்டிருந்த மாலைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. அதைச் சரிசெய்ய வெள்ளைச்சாமி ஒரு காலைத் தூக்கிப் பின்பலகையில் வைத்தான். திரும்பி அவள் நின்ற வாசலைப் பார்த்தான். காலைக் கீழே இறக்கிக்கொண்டான். ஒரு கையில் கொள்ளிச்சட்டியோடு, மற்றக் கையை எட்டும் மட்டும் நீட்டி, மாலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்தான்.